டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், மாத்திரை இன்னும் 12 நாளைக்குத்தான் இருக்கிறது

கிளினிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இத்தனை வருட நம்பிக்கைக்கு நன்றி. அவ்வளவுதான். இனி யாரிடம் போவது, பழைய ஃபைல் எல்லாம் என்ன ஆகும் என்று ஒரு வரியும் இருக்காது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் ஒரே டாக்டரை நம்பியிருந்தால் அது கிட்டத்தட்ட சாவுச் செய்தி மாதிரிதான் வந்து விழும். முதல் இரண்டு நாள் அவருடைய கைராசியைப் பற்றியே பேச்சு ஓடும். மூன்றாம் நாள்தான் யாராவது மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுவார்கள்.

நாம் கைராசி என்று சொல்வதில் பெரும்பங்கு ஞாபகசக்தி என்பது என் கட்சி. எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எந்த அளவில் தலை சுற்றியது, எந்த வலியை நீங்கள் கூட்டிச் சொல்வீர்கள், எதை மறைப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். சீட்டில் 'என்ன மாத்திரை' என்று மட்டும் இருக்கும். 'ஏன் இந்த மாத்திரை' என்பது அவர் தலைக்குள் இருக்கும், அவரோடு கிளம்பியும் விடும். அதனால் புது டாக்டரைத் தேடுவதோடு சேர்த்து அந்த 'ஏன்'களையும் கறந்து எடுத்துவிட வேண்டும்.

ஒரே டாக்டரிடம் தொடர்வதால் லாபம் உண்டா என்று ஆய்வுகளும் கேட்டிருக்கின்றன. 2018ல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் 18ல், தொடர்ந்து ஒரே மருத்துவரைப் பார்த்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நார்வேயில் 2022ல் வெளிவந்த பெரிய ஆய்வில், 15 வருடத்துக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு, ஒரு வருடப் பழக்கம் மட்டும் உள்ளவர்களைவிட ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கும் இறப்புக்குமான வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசி குறைவு. இவை நடந்ததைக் கவனித்து மட்டும் எழுதிய ஆய்வுகள்தான். இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் ஏற்படும் அந்தக் கலக்கம் வெறும் பாசத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இது போதும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எத்தனை நாளைக்கு வரும் என்று எழுதுங்கள். எல்லா மருந்தும் ஒரே ரகம் இல்லை. சிலது இரண்டு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. தைராய்டுக்கான தைராக்சின் அப்படிப்பட்டது, உடம்பில் அதன் பாதி கழியவே சுமார் 7 நாள் ஆகும். சிலதை ஒரு நாளும் விடக்கூடாது. வலிப்பு மாத்திரை விட்டால் வலிப்பு திரும்ப வரலாம். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற பி.பி., இதய மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் இதயம் படபடக்கும், ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். குளோனிடின் நிறுத்தினால் பி.பி. ஓரிரு நாளில் முன்பைவிட மேலே எகிறும். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் குளோபிடோக்ரெல் நின்றால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். பல மாதமாகத் தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ அல்ப்ராசோலம், குளோனாசிபாம் சாப்பிடுபவர்களுக்கும் திடீர் நிறுத்தத்தில் வலிப்பு வரக்கூடும். பிரெட்னிசலோன் 3 வாரத்துக்கு மேல் ஓடியிருந்தால், சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். மாத்திரை நின்றதும் வாந்தி, அசதி, பி.பி. இறக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ரகம் எதுவும் 10 நாளுக்குக் குறைவாக இருந்தால், நல்ல டாக்டர் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிடைக்கும் டாக்டரிடம் போய் ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதி வாங்குங்கள். நிதானமான தேடல் அப்புறம்.

பட்டியல் எழுதும்போது நடக்கும் தப்புகள் பயங்கரமானவை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடும் மருந்து. புது இடத்தில் யாரோ அவசரமாகப் பிரதி எடுக்கும்போது அது 'தினமும் ஒன்று' ஆகிவிட்டால், வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, ஆள் செத்தே போகலாம். உலகம் முழுக்க நடந்திருக்கும் தவறு இது. அதனால் 'வாரம் ஒருமுறை' என்று எழுதி நிறுத்தாமல் கிழமையையும் எழுதுங்கள்: ஞாயிறு மட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்கும் அப்படியே. சிலருக்கு வாரத்தில் நாலு நாள் 3 மி.கி., மூன்று நாள் 4 மி.கி. என்று ஓடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் சீட்டில் இருக்காது, வாய்வழியாகவே வந்திருக்கும். கூடவே இலக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) என்ன என்றும் வேண்டும். பெரும்பாலோருக்கு 2 முதல் 3, சில செயற்கை வால்வுகளுக்கு அதைவிடக் கூடுதல். புது டாக்டர் 3.2ஐப் பார்த்துக் குறைப்பதா விடுவதா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

அலர்ஜி என்று எழுதும் இடத்தில் மருந்தின் பெயரோடு நிறுத்திவிடுவது நம் எல்லோருடைய வழக்கம். பென்சிலின் அலர்ஜி என்று பெயர் வாங்கியவர்களில் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதில்லை. சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு மருந்தின் தலையில் விழுந்திருக்கும். அந்த முத்திரையால் ஆயுள் முழுக்க இரண்டாம்தர ஆன்டிபயாடிக்தான் கிடைக்கும். ஆகவே நடந்ததை அப்படியே எழுதுங்கள்: எந்த மருந்து, சாப்பிட்ட எத்தனை நிமிடத்தில் அல்லது நாளில், என்ன ஆனது, ஊசி போட வேண்டி வந்ததா. பி.பி.க்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தால் அது பக்கவிளைவு. உதடும் நாக்கும் வீங்கியிருந்தால் கதையே வேறு, அந்தக் குடும்ப மருந்துகளின் பக்கமே திரும்பக்கூடாது. 'ஒத்துக்காது' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடுகிறோம்.

இனி ஃபைல். முழு ஃபைலும் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் எதற்காகச் சண்டை போடுவது, எதை விட்டுவிடுவது? சளி, ஜுரம், வயிற்றுப்போக்குக்குப் போன பக்கங்கள் யாருக்கும் வேண்டாம். வேண்டியவை இவை: ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சுருக்கம், சதைச் சோதனை முடிவுகள், எக்கோ, தடுப்பூசி விவரம், நன்றாக இருந்த நாளில் எடுத்த ஒரு ஈ.சி.ஜி. இந்தக் கடைசிச் சமாச்சாரத்தைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சிலருக்கு இதயத்தின் இடது மின்பாதை அடைப்பு வருடக்கணக்காக இருக்கும், எந்தத் தொந்தரவும் இருக்காது. அவரே ஒருநாள் நெஞ்சுவலி என்று போனால், அந்த அடைப்பு புதிதா பழையதா என்று அவசரப் பிரிவு டாக்டர் முழிப்பார். பழைய ஈ.சி.ஜி.யின் ஒரு போட்டோ செல்போனில் இருந்தால் அந்த நிமிடத்தில் அது பெரிய உதவி.

ரத்தப் பரிசோதனையில் ஒற்றை எண்ணைவிட அது வந்த வழிதான் முக்கியம். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. ஒருவருக்கு அது பத்து வருடமாக அங்கேயே நிற்கிறது. இன்னொருவருக்குப் போன வருடம் 0.8 இருந்தது. எண் ஒன்றுதான், பின்னவருக்குச் சிறுநீரகத்தில் ஏதோ நடக்கிறது. பழைய டாக்டருக்கு அந்தப் போக்கு தெரியும், புதியவருக்கு முதல் நாளில் தெரிய வழியே இல்லை. கடைசி ஐந்தாறு கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். அளவுகளைத் தேதியோடு ஒரே தாளில் வரிசையாக எழுதிவிடுங்கள். அலகையும் சேர்த்து எழுத வேண்டும், 1 மி.கி./டெ.லி. கிரியாட்டினின் என்பது இன்னொரு அலகில் 88.4 மைக்ரோமோல். நாடு மாறினால் இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யோ லிங்க்கோ வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நுரையீரல் புள்ளி வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

இத்தனையிலும் எனக்கு அதிக பயம் தருவது பாதியில் நிற்கும் வேலைகள். 'ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்துக்கலாம்' என்று அவர் சொல்லியிருப்பார், தேதி அவர் டைரியில் இருக்கும். குடலில் பாலிப் எடுத்தவருக்கு மறுபடி எப்போது குழாய்ச் சோதனை என்பதும் அங்கேதான். கிளினிக் மூடுவதற்கு முந்தின வாரம் கொடுத்த ரத்தத்தின் முடிவு மூடிய பிறகு வந்து சேர்ந்திருக்கும், அதை யாரும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். முடிவு வரவில்லை என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. நேராக லேபுக்கே போய் வாங்குங்கள்.

குடும்ப டாக்டர் என்ற பெயருக்கே பொருள் தருவது இன்னொன்று. அப்பாவுக்கு 48 வயதில் குடல் புற்றுநோய் வந்தது அவருக்குத் தெரியும், மகனுக்கு 38ல் சோதனை தொடங்க வேண்டும் என்றும் அவர் கணக்கு வைத்திருப்பார். நெருங்கிய உறவில் நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு அல்லது 40 வயது, எது முன்னால் வருகிறதோ அது என்பது பரவலான வழிமுறை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55க்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். இப்போது குடும்பம் ஆளுக்கொரு டாக்டரிடம் சிதறினால் இந்த வம்சாவளி யாரிடமும் முழுதாக இருக்காது. நோயின் பெயரோடு வந்த வயதையும் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிதறுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குடும்ப டாக்டர் போனதும் இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வது முன்னேற்றம் போலத் தெரியும். நாலு ஸ்பெஷலிஸ்ட்டைக் கூட்டினாலும் ஒரு குடும்ப டாக்டர் ஆகாது. இதய டாக்டர் ராமிப்ரிலோடு ஸ்பைரனோலாக்டோன் எழுதுவார். மூட்டு டாக்டர் வலிக்கு டைக்ளோஃபினாக் எழுதுவார். மூன்றும் சேர்ந்ததில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்ப்பது யார் பொறுப்பு? முழுப் பட்டியலுக்கும் பொறுப்பேற்கும் ஒரு பொதுமருத்துவர் வேண்டும். அவர் பெரிய பெயர் எடுத்தவராக இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருக்கட்டும், கேள்வி கேட்டால் எரிந்துவிழாதவராக இருக்கட்டும்.

அவரிடம் முதல் தடவை உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். 102 டிகிரி காய்ச்சலோடு போனால் காய்ச்சலைத்தான் பார்ப்பார். மருந்துப் பட்டியலோடு அட்டைகளையும், நாட்டு மருந்து, வைட்டமின் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பி.பி. உள்ளவர்கள் அதற்கு முந்தின 7 நாள் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இரண்டிரண்டு தடவை அளந்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைக் கொடுங்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. புது டாக்டர், புது அறை என்ற பதற்றத்தில் அங்கே ஏறும் அளவை நம்பி மருந்தைக் கூட்டிவிடாமல் இருக்க இது உதவும்.

பழைய டாக்டரைத் தெய்வமாக்க வேண்டாம் என்றும் சொல்லத்தான் வேண்டும், கோபித்தாலும் பரவாயில்லை. தினமும் பார்க்கும் முகத்தில் மெல்ல வரும் மாற்றம் தெரியாது. தைராய்டு குறைந்து உப்பிய முகம், பார்க்கின்சனில் சுருங்கும் நடை இதெல்லாம் புதுக்கண்ணில் சட்டெனப் படும். பழைய சீட்டில் பழைய காலத்து வழக்கங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்செரிச்சலுக்கு 8 வாரம் என்று தொடங்கிய பான்டோப்ரசோல் 8 வருடமாக ஓடும். இதயநோயே இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தினமும் ஆஸ்பிரின் போகும். 2018ல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு அதில் ரத்தக்கசிவு ஆபத்துதான் பெரிதாகப் பேசப்படுகிறது. வயதானவருக்குச் சர்க்கரை மாத்திரையான க்ளிபென்க்ளமைட் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து விழுந்துவிடலாம். புதியவர் இவற்றில் கைவைத்தால் 'அவர் கொடுத்ததையே மாற்றுகிறாரே' என்று முறைக்காதீர்கள். ஆனால் அந்த பான்டோப்ரசோல் முன்பு ரத்தவாந்தி எடுத்ததற்காகக் கொடுத்ததாக இருந்தால் நிறுத்துவது தப்பு. இதற்குத்தான் 'ஏன்' வேண்டும் என்கிறேன்.

அந்த 'ஏன்' இன்னும் ஒருவரிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர் பேசும் நிலையில் இருந்தால், அவர் வீட்டாரிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு தடவை பத்து நிமிடம் பேசுங்கள். உடல்நிலை சரியில்லாமல் விட்டிருந்தால் தொல்லை செய்யாதீர்கள். 'இப்போது இருமலுக்கு என்ன போடலாம்' என்று கேட்க அந்தப் பேச்சு இல்லை, சீட்டு எழுதும் உரிமையையே அவர் விட்டிருக்கலாம். எந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், எதைக் கண்காணித்துக்கொண்டிருந்தீர்கள் என்று மூன்றே கேள்வி. மாத்திரை அட்டைகளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், ஏனென்றால் அவர் உங்கள் மாத்திரையைப் பிராண்ட் பெயரில் சொல்லமாட்டார், 'அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை' என்றுதான் சொல்வார்.