ஃபெர்ன்ஸ் கோட்டையை டெர்மட் கட்டவில்லை

நேற்று முழுக்கப் பலரும் பகிர்ந்த அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது புரியும். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் உள்ள ஃபெர்ன்ஸ் என்னும் சிற்றூரில், இங்கிலாந்தை வென்று ஆண்ட நார்மன்கள் எழுப்பிய கோட்டையைக் காட்டி, நாட்டைக் காட்டிக்கொடுத்த டெர்மட் மக்மரோ தனக்காகக் கட்டிக்கொண்டது என்கிறார்கள். டெர்மட் 1171இல் அதே ஊரில் இறந்துபோனார். இன்று நிற்கும் கற்கோட்டை பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. இறந்தவர் எப்படிக் கட்டியிருப்பார்?

அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசர் டெர்மட், 1166இல் நாட்டை இழந்து இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டுப் போனார். 1169இல் நார்மன் வீரர்கள் கரையிறங்கினார்கள். மறு ஆண்டு வந்த நார்மன் பிரபு ஸ்ட்ராங்போவுக்குத் தம் மகள் ஈஃபாவை மணமுடித்துக் கொடுத்தார். அவர்களுடைய மகள் இசபெல்லை மணந்த வில்லியம் மார்ஷலோ அவருடைய மகனோதான் இந்தக் கோட்டையைக் கட்டியிருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கருத்து. டெர்மட் கட்டவில்லை.

"அவர் அழைக்காவிட்டால் நார்மன்கள் வந்திருப்பார்களா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிக்க நான் வரவில்லை. ஆனால் ஒருவர் செய்த குற்றத்தைச் சொல்வதற்கு, அவர் செய்யாததையும் அவர் தலையில் கட்ட வேண்டுமா?

"இடிந்த சுவருக்கு இவ்வளவு கோபமா?" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது உண்மையிலேயே வலித்தது. நான்கு மூலைக் கோபுரங்களில் முழுமையாக எஞ்சிய ஒன்றில் ஏறி, அதற்குள் இருக்கும் வட்ட வடிவச் சிற்றாலயத்தில் நான் நின்றிருக்கிறேன். சுவரிலிருந்து எழும்பும் கல் விலா வளைவுகள் தலைக்கு மேல் ஒன்றுகூடும் நேர்த்தியை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் கீழே இறங்க மனமில்லாமல் இருந்தேன். அதை இழைத்த கொத்தர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கட்டுவித்தவரின் பெயரையாவது சரியாகச் சொல்லக் கூடாதா?

என்னை அதைவிடவும் வருத்துவது வேறொன்று. பதினான்காம் நூற்றாண்டில் டெர்மட்டின் மகன் வழி வந்த கவனா குலத்தார் கோட்டையைக் கைப்பற்றி, பதினாறாம் நூற்றாண்டு வரை வைத்திருந்தார்கள். அந்நியர் எழுப்பிய சுவருக்குள் ஐரிஷ் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. அவர்களைப் பற்றிக் காணொளியில் ஒரு சொல்கூட இல்லை. துரோகி என்ற ஒற்றைச் சொல்லில் ஊரின் கதை முழுவதையும் முடித்துவிட்டார்கள்.

காணொளியை நீக்கச் சொல்லவில்லை. தலைப்பில் டெர்மட் பெயரை எடுத்துவிட்டு மார்ஷல் குடும்பத்தின் பெயரைப் போடுங்கள். கவனா குலத்தாருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.