இலங்கை லைசன்ஸோடு கனடாவில் லொறி ஓடலாமா?

"இலங்கைக் கனரக வாகன லைசன்ஸ் இருந்தால் போதும், கனடாவில் இறங்கிய அடுத்த கிழமையே நெடுந்தூர லொறி ஓடலாம், முழு நேரத்துக்கும் சம்பளம்" என்று யாழ்ப்பாண வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பிழை.

எங்கட ஆக்கள் அதிகம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், பின்னால் நீண்ட பெட்டியை இழுத்துச் செல்லும் இழுவை லொறி ஓட்ட ஏ வகுப்பு லைசன்ஸ் வேண்டும். இலங்கை லைசன்ஸை அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். 2017 ஜூலை முதல், வீதிப் பரீட்சைக்கு முன் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சியும் கட்டாயம். ஏ9 வீதியில் வருடக்கணக்காகக் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிய அனுபவம் கைக்கு உதவும், கடதாசிக்கு உதவாது.

சம்பளக் கதைதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. பல நெடுந்தூரக் கம்பனிகள் ஓடிய மைலுக்குத்தான் காசு தருகின்றன. களஞ்சியத்தில் சாமான் இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும், பனிப்புயலில் வீதி மூடிக் கிடக்கும் நேரத்துக்கும் எல்லாக் கம்பனியும் காசு தரும் என்றில்லை. இரவில் லொறிக்குள்ளேயே படுக்கை, வீட்டுக்கு வராமல் நாட்கணக்கு. சரி, கூடுதலாக ஓடி உழைக்கலாம் என்றால் அதுவும் முடியாது: மாகாண எல்லை தாண்டும் சாரதி ஒரு நாளில் 13 மணிநேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மின்னணுக் கருவி அதைப் பதிந்துகொண்டே இருக்கும்.

காணியை ஈடு வைத்து முகவருக்குக் காசு கட்டுமுன், அவருடைய உரிமம் உண்மையா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் தயவுசெய்து விசாரியுங்கள்.