செவ்வியல் படங்களும் ஒரு யாழ்ப்பாணத்துப் பட்டியலும்

ஜனவரி பிறந்தால், உடம்பைக் குறைக்கப்போகிறேன் என்ற தீர்மானத்துக்கு அடுத்தபடியாக என் நட்பு வட்டத்தில் அதிகம் காணக்கிடைப்பது, இந்த வருடம் உலகின் செவ்வியல் திரைப்படங்களைத் தேடிப் பார்த்து முடிக்கப்போகிறேன் என்ற அறிவிப்பாகும். வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 52 என்று கணக்கிட்டு, பார்த்து முடித்தவற்றுக்குச் சரி போடுவதற்கு அட்டவணையும் தயாரித்துப் பதிவிடுகிறார்கள். இதை நான் கேலி செய்யவில்லை. இம்முறை நானும் அதே தீர்மானத்தை எடுத்திருக்கிறேன். ஆனால் எந்தப் படங்களைச் செவ்வியல் படங்கள் என்று எடுத்துக்கொள்வது, அவற்றை எந்த ஒழுங்கில், யாரோடு இருந்து பார்ப்பது என்பவற்றில் எனக்கு உறுதியான சில அபிப்பிராயங்கள் உண்டு. நண்பர்களின் அட்டவணைகளைப் பார்த்த பிறகு அவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, எண்ணிக்கை. எதை எடுத்தாலும் கடந்தகால வினாத்தாள் செய்வதுபோலச் செய்து முடிப்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குக் கைவந்த பழக்கம். வாரத்துக்கு ஒரு படம் என்று விதித்துக்கொண்டவர், வியாழக்கிழமை இரவு பாதிப் படத்தைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பேருந்தில் மீதியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, சனிக்கிழமை சரி போட்டுவிடுகிறார். அந்தப் படத்தின் இயக்குநர் ஒரு காட்சியை எவ்வளவு நேரம் நீடிக்கவிட்டார் என்பதுதான் பல வேளைகளில் அந்தப் படத்தின் பெறுமதியே. அதைக் குறைத்துப் பார்ப்பதைவிடக் கதைச் சுருக்கத்தை வாசிப்பது நேர்மையானது.

இரண்டாவது, பட்டியல். பெரும்பாலானவர்கள் பிரித்தானியாவின் ‘சைட் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952 முதல் பத்து வருடங்களுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வெளியிடும் பட்டியலையே எடுத்துக்கொள்கிறார்கள். அது மதிக்கத்தக்க பட்டியல்தான். ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தாலே அது கல்லில் எழுதப்பட்டதன்று என்பது விளங்கும். 1952இல் முதலிடம் பெற்றது டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’. 1962 தொடக்கம் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அந்த இடத்தை வைத்திருந்தது. 2012இல் ஹிட்ச்கொக்கின் ‘வெர்ட்டிகோ’ அதைக் கீழே தள்ளியது. 2022இல் பெல்ஜிய இயக்குநர் சாந்தால் அக்கர்மன் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’ முதலிடத்துக்கு வந்தது. ஒரு விதவைத் தாய் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையும் சமைப்பதையும் படுக்கை விரிப்பதையும் மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாகக் காட்டும் படம் அது. முதலாம் இலக்கத்திலிருந்தே தொடங்குவேன் என்று அடம்பிடித்து இந்தப் படத்தோடு வருடத்தை ஆரம்பித்தவர்கள் தைப்பொங்கலுக்கு முன்பே திட்டத்தைக் கைவிட்டால் அதற்கு அக்கர்மன் பொறுப்பல்ல. அது பெரிய படம், ஆனால் முதற்படமாகப் பார்ப்பதற்குரியதன்று. 2022ஆம் ஆண்டின் அந்த முதல் நூறு படங்களுக்குள் இலங்கைப் படம் ஒன்றும் இல்லை, தமிழ்ப் படமும் இல்லை. அதற்காகச் சஞ்சிகையோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் பட்டியலை நாங்களே எழுத வேண்டும் என்பதை மட்டும் அது எனக்கு உணர்த்துகிறது.

பழைய படங்களைப் பார்க்கத் தவறியதற்குச் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது இந்த ஊரில் பொருந்தாது. றீகல், வின்சர், வெலிங்டன், ராணி, மனோகரா, ராஜா, ஸ்ரீதர், லிடோ என்று திரையரங்குகளின் பெயர்களை மூத்தவர்கள் மூச்சுவிடாமல் சொல்லுவார்கள். றீகலில் ஆங்கிலப் படம் பார்த்த கதைகளும் வரும். பிறகு 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதற்குப் பிந்திய வருடங்களில் சிறுவர்களாக இருந்த எங்களுக்குப் படம் என்றால், ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்த ரிவியும் டெக்கும், விடியும்வரை அடுத்தடுத்துப் போடப்படும் மூன்று நான்கு கசற்றுகளும்தான். எரிபொருள் தங்கத்துக்குச் சமமாக இருந்த காலத்தில் அந்த இரவுக்கு எம்.ஜி.ஆரையும் ரஜினியையும் விட்டுவிட்டு ஜப்பானியப் படத்தை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்; தேர்ந்தெடுக்க விரும்பினாலும் கசற் கிடைத்திராது. எங்கள் தலைமுறைக்கு விடுபட்டது தனிப்பட்ட ஆட்களின் ரசனைக் குறைபாடு அல்ல என்பதை இளையவர்கள் விளங்கிக்கொண்டால் நல்லது. அந்த இரவுகளில் ஒரு படத்தை முழு ஒழுங்கையும் சேர்ந்திருந்து ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தது. கைத்தொலைபேசி வந்த பிறகு எல்லாப் படங்களும் கிடைக்கின்றன, அந்தப் பார்க்கும் முறைதான் இல்லாமற்போய்விட்டது.

ஆகவே என் திட்டத்தில் நான் விதித்துக்கொண்ட ஒரே நிபந்தனை, படத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை என்பதே. முதற்படமாக ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஒசு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பெரியம்மாவோடு இருந்து பார்த்தேன். பெரியம்மாவின் பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், மற்றவர் பிரான்ஸில். படத்தின் கதை இரண்டு வரியில் சொல்லக்கூடியது: ஒனோமிச்சி என்ற கடற்கரை ஊரில் இருந்து வயதான தாயும் தகப்பனும் டோக்கியோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, திரும்பி வந்ததும் தாய் இறந்துவிடுகிறார். வைத்தியரான மூத்த மகனும் சிகையலங்கார நிலையம் நடத்தும் மகளும் கெட்டவர்களாகக் காட்டப்படவில்லை. வேலை அதிகம், வீடு சிறிது, அவ்வளவுதான். போரில் காணாமற்போய் இறந்துவிட்டதாகக் கருதப்படும் இன்னொரு மகனின் மனைவி நொரிக்கோ மட்டும் வேலைக்கு விடுமுறை எடுத்து அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள்.

பெரியம்மாவுக்கு ஆங்கிலத் துணைவசனம் வாசிக்க வராது. தமிழ்த் துணைவசனமும் கிடைக்கவில்லை. நான் வாசித்து வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது பெரிய இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஒசுவின் படத்தில் அது இடைஞ்சலே இல்லை. அவருடைய பாத்திரங்கள் ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேசுகிறார்கள். பேசுபவரின் முகத்தைக் கமெரா நேராக, தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருந்து காட்டுகிறது. பேச்சு முடிந்த பின்னும் ஒரு கணம் அங்கேயே நிற்கிறது. அந்த இடைவெளி எனக்கு மொழிபெயர்க்கப் போதுமானதாக இருந்தது. ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சை ஏற்றிவிடும் ‘சிட்டிசன் கேன்’ போன்ற படத்தில் இதை முயன்றிருந்தால் பத்து நிமிடத்தில் தோற்றிருப்பேன். வீட்டில் மூத்தவர்களோடு பார்க்க விரும்புபவர்கள் இதையும் கவனித்துப் படத்தைத் தெரிவு செய்யலாம்.

மகளின் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இந்த வயதானவர்கள் யார் என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. ஊரில் இருந்து வந்த தெரிந்தவர்கள் என்று மகள் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வாள். நான் அதைச் சொன்னதும் பெரியம்மா, “நிப்பாட்டு பிள்ளை, என்ன சொன்னவள்? திருப்பிப் போடு” என்றார். இரண்டாவது முறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முடிவுக்குக் கிட்ட, மாமனார் நொரிக்கோவிடம் இறந்த மனைவியின் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, என் மகனை மறந்துவிட்டு நீ மறுமணம் செய்துகொள் என்று சொல்லும் இடத்தில்தான், “இதை எங்கட ஆக்கள் ஆர் சொல்லுவினம்?” என்று கேட்டார். போர் முடிந்து எட்டு வருடங்களின் பின் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் போர் ஒரு காட்சியிலும் காட்டப்படவில்லை. ஆனால் காணாமற்போன கணவனின் படத்தை அறையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் பெண்ணை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2012இல் ‘சைட் அன்ட் சவுண்ட்’ உலகின் இயக்குநர்களிடம் தனியாக நடத்திய வாக்கெடுப்பில் இதற்கு முதலிடம் கிடைத்தது என்பதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது அவருக்கு வேண்டிய தகவலாகவும் எனக்குப் படவில்லை.

இனிச் சிலருக்குப் பிடிக்காத விடயத்துக்கு வருகிறேன். ஒசுவையும் குரோசாவாவையும் சத்யஜித் ராயையும் பட்டியலில் சேர்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களில் பெரும்பாலானவர்களின் பட்டியலில் சிங்களப் பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இல்லை. அவருடைய ‘ரேகாவ’ 1957இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. ‘கம்பெரலிய’ 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலைத் தழுவிய இந்தப் படத்தில், தென்னிலங்கைக் கிராமமொன்றின் பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் இளைஞனுக்கும் இடையிலான விருப்பம், அந்தஸ்துப் போதாது என்பதால் மறுக்கப்படுகிறது. வீட்டின் பணம் கரைந்துபோகிறது, பெருமை மட்டும் கரைவதில்லை. இந்தக் கதையை விளங்கிக்கொள்ள ஒரு யாழ்ப்பாணத்தவருக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சொன்றை நினைவுபடுத்தினாலே போதும்.

நடந்தவை எல்லாவற்றுக்கும் பிறகு சிங்களப் படத்தை நாங்கள் ஏன் தேடிப் போக வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியின் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்ப்பது எவருக்கும் எதையும் விட்டுக்கொடுப்பதாகாது. மேலும் இந்தத் தீவின் சினிமாவை மொழிவாரியாகக் கோடு போட்டுப் பிரிப்பது நடைமுறையில் அவ்வளவு இலகுவும் அல்ல. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். படம் உருவானதோ தென்னிந்தியாவில். மறுபக்கத்தில், யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேருக்கு நேர் பேசிய ‘பொன்மணி’யை 1977இல் தமிழில் இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். பெரும் நடிகர்களும் சண்டையும் இல்லாத அந்தப் படத்துக்கு அன்று சனம் கூடவில்லை. இன்று அதன் பெயரைத் தெரிந்தவர்கள் பலர், அதை முழுமையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர். என் பட்டியலில் ‘கம்பெரலிய’வும் ‘பொன்மணி’யும் அடுத்தடுத்து வருகின்றன. கல்யாணப் பேச்சையும் அந்தஸ்தையும் இரண்டு இயக்குநர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டுப் படங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பாட்டே இல்லாமல் 1954இல் எஸ்.பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’, மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, பாலு மகேந்திராவின் ‘வீடு’ ஆகிய மூன்றும் எனக்குப் போதும். பாலு மகேந்திரா மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர் என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ‘வீடு’ படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் கதையை மாற்றிவிடுகிறோம்.

என் பட்டியலில் நான் உண்மையிலேயே கவலைப்படும் பகுதி ஈழத்துத் தமிழ்ப் படங்கள்தான். கட்டடக் கலைஞர் வி.எஸ்.துரைராஜா தயாரித்து 1972இல் வெளிவந்த ‘குத்துவிளக்கு’ம், செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 1978இல் உருவான ‘வாடைக்காற்று’ம் எங்கள் மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவந்த படங்கள். இவை எல்லாமே பெரும் படைப்புகள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து ஈழத்துப் படங்கள் பலவற்றில் தென்னிந்தியப் படங்களின் சாயல் தூக்கலாக இருந்தது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் 1972இல் எங்கள் ஆட்கள் எப்படி நடந்தார்கள், எப்படிப் பேசினார்கள், பனந்தோப்பும் தெருவும் எப்படி இருந்தன என்பதை இந்தப் படங்களை விட்டால் வேறெங்கு பார்ப்பது? 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. எரியாமல் மிஞ்சியவற்றில் எத்தனையோ ஈரத்திலும் வெக்கையிலும் கெட்டுப்போயின. படச்சுருள் என்பது குளிரான, உலர்ந்த அறையில் வைத்துப் பராமரிக்க வேண்டிய பொருள். எங்கள் காலநிலையில் அலுமாரியில் வைத்துவிட்டு மறந்தால் அது தானாகவே அழியும். ஒசுவின் படம் எழுபது வருடங்கள் கடந்தும் என் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது, என் தகப்பனாரின் வயதுக்காரர்கள் இதே ஊரில் நடித்த படம் வந்து சேர்வதில்லை.

நடைமுறையில் என் திட்டம் எளிமையானது. மாதத்துக்கு ஒரு படம், அதிகம் போனால் இரண்டு. விடுமுறை நாளில், பின்னேரத்தில், தொலைபேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு, குறைந்தது இன்னொருவரோடு. நீளமான படமென்றால் ஓரிடத்தில் நிறுத்தித் தேநீர் குடிக்கலாம், அதில் குற்றமில்லை. 207 நிமிடங்கள் ஓடும் ‘ஏழு சாமுராய்’க்குக் குரோசாவாவே நடுவில் ஓர் இடைவேளை வைத்திருக்கிறார். பார்த்து முடித்ததும் உடனே பதிவு எழுதும் எண்ணம் எனக்கில்லை; கூட இருந்து பார்த்தவரோடு பேசினால் போதும்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ‘குத்துவிளக்கு’, ‘வாடைக்காற்று’ அல்லது வேறு எந்த ஈழத்துத் தமிழ்ப் படத்தின் வீடியோ கசற்றாவது உங்கள் வீட்டிலோ, வெளிநாட்டில் உள்ள உறவினர் வீட்டிலோ கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கில் போட்டுச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், அது நாடாவையும் டெக்கின் ஹெட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, என்ன படம், யாருடைய பிரதி என்பதை எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கசற்றைச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றத் தெரிந்தவர்கள் யாராவது யாழ்ப்பாணத்தில் இருந்தால் அவர்களும் எழுதுங்கள்.