ரோட்ரிகஸ் பாடினார், சரி. வாசித்தவர்கள் யார்?

பாடகர் ரோட்ரிகஸ் என்றாலே எல்லாரும் ஆவணப்படத்தில் வந்த கதையைத்தான் சொல்கிறார்கள். டெட்ராய்ட்டில் பிறந்த மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை, இரண்டு ஆல்பம் போட்டார், அமெரிக்காவில் விலைபோகவில்லை, வீடு இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார், அவருக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரிய ஆளாகிவிட்டார். செத்தே போய்விட்டார் என்று நம்பியிருந்த ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். 2012இல் வந்த அந்த ஆவணப்படத்துக்கு ('சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்') ஆஸ்கர் கிடைத்தது. படம் பார்த்து நானும் அழுதேன். ஆனால் கதையைப் பேசிப் பேசியே பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டோமோ என்பதுதான் என் ஆதங்கம். 1998இல் அவர் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பாடியபோது பதிவான 'லைவ் ஃபாக்ட்' ஆல்பத்தை டர்பனில் எனக்குத் தெரிந்த நம் தமிழ் ஆட்களில் பலர் கேட்டதே இல்லை.

அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. குறிப்பாக, அதில் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களைப் பற்றி.

முதலில் 1970க்குப் போக வேண்டும். 'கோல்ட் ஃபாக்ட்' அவருடைய முதல் ஆல்பம். எழுத்தும் குரலும் அக்குஸ்டிக் கிட்டாரும் அவருடையவை. ஆனால் அது அத்தனை ஆழமாக ஒலிப்பதற்குக் காரணம் கூட இருந்தவர்கள். எலெக்ட்ரிக் கிட்டார் டென்னிஸ் காஃபி. தந்திக் கருவிகளையும் பித்தளைக் கருவிகளையும் அமைத்தவர் மைக் தியோடர். இவர்கள் இருவரும்தான் தயாரிப்பாளர்கள். பேஸ் கிட்டார் பாப் பாபிட். காஃபியும் பாபிட்டும் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தினக்கூலி போல வாசித்தவர்கள். உலகமே ஆடிய பாட்டுகளுக்கு வாசித்த அந்தக் கூட்டத்தின் பெயரை மோட்டவுன் ஒரு ஆல்பம் அட்டையில் முதன்முதலாக அச்சிட்டது 1971இல், மார்வின் கே பாடிய ஆல்பத்தில்தான். அதுவரை பாடகரின் பெயர் மட்டும்தான். யோசித்துப் பாருங்கள், பத்து வருஷத்துக்கும் மேல் வாசித்திருக்கிறார்கள்!

சரி, 1998க்கு வருவோம். மார்ச் 6, கேப் டவுன் பக்கத்தில் பெல்வில் வெலோட்ரோம். சைக்கிள் பந்தய அரங்கம் அது, உள்ளே ஆயிரக்கணக்கான பேர். மேடையில் 'பிக் ஸ்கை' குழுவினர். வில்லெம் மோலர் கிட்டார், கிரேம் கரி பேஸ், டோனியா செல்லி குரலும் தாளமும், ரஸ்ஸல் டெய்லர் கீபோர்ட், ரூபன் சாமுவேல்ஸ் டிரம்ஸ். எல்லாரும் தென்னாப்பிரிக்கர்கள். முதலில் பேஸ் மட்டும் ஆரம்பிக்கிறது. மேலே ஏறி, இறங்கி, ஓர் இடத்தில் நின்று, திரும்ப அதே சுற்று. இந்த நாட்டில் கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது 'ஐ வொண்டர்' பாட்டின் முகப்பு என்று சொல்லவே வேண்டியதில்லை. கூட்டம் கத்த ஆரம்பிக்கிறது. ரோட்ரிகஸ் மேடைக்கு வருகிறார். கத்தல் அடங்கினால்தானே பாட முடியும்? அடங்கவே இல்லை. அவர் சும்மா நிற்கிறார். பேஸ் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் முழுவதையும் தாங்கிப் பிடித்தது நான்கு தந்தி. படம் பார்த்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் வாடகைக்கு வந்த வாத்தியக்காரர்கள் அல்ல. மோலர் 1989இல் 'ஃபூல்ஃப்ரை' சுற்றுப்பயணத்தில் கிட்டார் வாசித்தவர். ஆப்பிரிகான்ஸ் மொழியிலேயே நிறவெறி அரசை எதிர்த்துப் பாடிய இளைஞர்களின் பயணம் அது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் உள்ளே விடவில்லை, அரசு வானொலியிலும் தடை. அந்தத் தலைமுறைக்கு எதிர்த்துப் பேசலாம் என்ற துணிச்சலைத் தந்ததில் ரோட்ரிகஸ் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பாட்டுகள் பல வருஷமாக மனப்பாடம். அதனால்தான் 'லைவ் ஃபாக்ட்'டில் அவர் தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தன் போக்கில் வார்த்தையை இழுக்கும் இடங்களில்கூட யாரும் பதறவில்லை. காத்திருந்து கூடவே போகிறார்கள். எனக்கு அந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான். ஸ்டூடியோ ஆல்பத்தின் மெருகு இதில் இல்லை என்பது உண்மை. தியோடரின் தந்தி இசை இல்லாத குறை இரண்டு மூன்று பாட்டில் நன்றாகவே தெரிகிறது. இருந்தாலும் பாசத்தோடு வாசிப்பது காதுக்குத் தெரியும்.

பிக் ஸ்கையில் பாடிய இதே டோனியா செல்லி ரோட்ரிகஸின் 1998 பயணத்தைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார். 2001இல் அரசுத் தொலைக்காட்சியில் வந்தது. ஆஸ்கர் படத்துக்கு எத்தனை வருஷம் முன்னால் என்று பாருங்கள். அவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? அதேபோல 1979இலும் 1981இலும் ரோட்ரிகஸ் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து பாடினார், அங்கே பதிவான ஒரு ஆல்பமும் இருக்கிறது. ஆஸ்கர் படத்தில் அந்தப் பேச்சே கிடையாது. உலகமே மறந்த மனிதர் என்று சொன்னால்தான் கதை நிற்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

"அது வெள்ளைக்காரப் பையன்கள் பட்டாளத்தில் கேட்ட பாட்டு, நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி புரிகிறது. நிறவெறிக் காலத்துக் கட்டாய ராணுவச் சேவை அவர்களுக்குத்தான், அந்தக் கேசட்டுகள் கைமாறியதும் பெரும்பாலும் அவர்களிடையேதான். 1950ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பை இனவாரியாகப் பிரித்தபோது காதுகளையும் சேர்த்தே பிரித்துவிட்டது. இந்தியர்களுக்கென ஒதுக்கிய டர்பன் சாட்ஸ்வர்த் வீடுகளில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரோட்ரிகஸ் பாடியது யாரைப் பற்றி? வேலை போனவன், வாடகை கட்ட முடியாதவன், நகரத்தின் நடுவே ஒதுக்கப்பட்டவன். மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்து சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட நகராட்சித் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டுமா? பகல் முழுக்க உடம்பு நோக வேலை செய்த மனிதரின் குரல் அது. நமக்கும் அதில் உரிமை உண்டு.

இனி நம் வீட்டு விஷயம். பக்கவாத்தியக்காரர்களுக்கு மேடையிலேயே தனி நேரம் ஒதுக்கிக் கொடுத்த மரபு நம்முடையது. கச்சேரி அழைப்பிதழில் மிருதங்கம் யார், வயலின் யார் என்று வரிசையாகப் போட்டு வந்தவர்கள் நாம். இன்று இங்கே ஒட்டப்படும் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளைப் பாருங்கள். சென்னையிலிருந்து வரும் பாடகரின் படம் முக்கால் இடம், நன்கொடையாளர்கள் மீதி இடம், கீழே ஓர் ஓரத்தில் "மற்றும் குழுவினர்". அந்தக் குழுவினர் பல நேரம் நம் பிள்ளைகள்தான். வேலை முடிந்து வந்து, ராத்திரி ஒத்திகை பார்த்து, சொந்தக் காரில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். காவடிக்கு விடிகாலையிலிருந்து மேளம் அடிக்கும் பையன்களின் பெயர் கோயில் நோட்டீசில் வந்து நான் பார்த்ததில்லை. கையில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்ட் 8 அன்று 81 வயதில் காலமானார். அப்போது வந்த அஞ்சலிப் பதிவுகளில் நான் படித்தவரை பிக் ஸ்கை பெயர் ஒன்றிரண்டில்தான் இருந்தது. அவர்களுக்காவது ஆல்பம் அட்டையில் பெயர் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

கோயில் குழுக்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி அச்சுக்குப் போகும் முன் வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். இடம் போதாவிட்டால் பாடகரின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள். பெயர்களைத் தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்து தர நான் தயார், காசு வேண்டாம். இன்பாக்ஸில் அனுப்புங்கள்.