திருந்தினாரா, மீண்டாரா?

எங்கள் சித்தப்பா குடியை விட்டு வரும் பொங்கலோடு நாலு வருஷம். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், "பரவாயில்லையே, திருந்திட்டியே!" என்று அவர் தோளைத் தட்டினார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திருத்துவது நல்ல வேலைதான். காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள். பரீட்சைத் தாள் திருத்துகிறோம். ஆனால் அதையே குடிநோயாளியிடம் கொண்டுபோனால் நோய் மறைந்து குற்றம் மட்டும்தான் மிஞ்சுகிறது. 'நினைச்சா விடலாம், இவனுக்கு மனசில்லை' என்று வீடே பேசுகிறது. நாங்களும் பேசினோம். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் இல்லாமல் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்த்தோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. அப்போதுதான் இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்று எங்களுக்கு உறைத்தது.

'மீட்பு' என்ற சொல் வேறு மாதிரி. அடகு நகையை மீட்கிறோம், வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கிறோம். செங்கம் பக்கத்து நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. பகைவர் ஓட்டிப்போன மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு நட்ட கல் அது. போன மாடுகளை யாரும் குறை சொல்லவில்லை. நம்முடையவை, பறிபோய்விட்டன, கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். (நகையை 'மீட்டான்', வீணையை 'மீட்டினான்'. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் மது, போதை நோயாளிகளுக்கான சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். இழந்தவர் ஒருவரே மற்றவர்களை மீட்கப் புறப்பட்டார். எனக்கு அவரும் தொறு மீட்கப் போனவர்தான்.

மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. சித்தப்பா தானாகவும் மீண்டார். சித்தியும் மருத்துவர்களும் அவரை மீட்கவும் செய்தார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கை நடுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மோர் கரைத்துக் கொடுத்த சித்திக்கு 'திருந்திட்டியே' என்ற சொல்லில் இடமே இல்லை.

அடுத்த கல்யாணத்தில் சித்தப்பாவைப் பார்த்தால் "வாங்க, சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். அது போதும்.