கறுப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள்

இந்தோனேசியாவில் ‘மோபில் கோயாங்’ என்றொரு சொல் உண்டு. ஆடும் கார். ஓரமாக நிற்கிற கார் லேசாக ஆடினால், உள்ளே காதல் ஜோடி இருக்கிறது என்று ஊரே கூடி கதவைத் தட்டும். மறுநாள் செய்தித் தலைப்பில் இந்தச் சொல் வரும். படித்துச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? ‘கோஸ்’ என்கிற வாடகை அறைகள் பலவற்றில் எதிர்பாலினத்தவர் உள்ளே வரக் கூடாது. ஷரியா ஓட்டலில் திருமணப் புத்தகம் கேட்பார்கள். மலிவான விடுதிகளுக்கு ‘சத்போல் பிபி’ என்கிற உள்ளாட்சிக் காவல் படை ஆட்கள் சோதனைக்கு வருவார்கள். மிஞ்சுவது கார்தான். யோக்யகர்த்தா நகர மாணவர்கள் ‘லெபாஸ் குஞ்சி’ என்று, டிரைவர் இல்லாமல், 12 மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். பல இடங்களில் அடையாள அட்டையோடு பைக்கையும் ஈடாக விட வேண்டும். முத்தத்துக்கு மட்டுமா? சண்டை போட, அழ, வீட்டில் வாய்திறக்க முடியாததைப் பேச, எல்லாவற்றுக்கும் அந்த நான்கு கதவுகள்தான்.

கண்ணாடி ஃபிலிமை அங்கே 40, 60, 80 என்று விற்கிறார்கள். எண் கூடினால் இருட்டு கூடும். ஆனால் வெளியே வெளிச்சம் அதிகமாக இருக்கும் வரைதான் அது மறைக்கும். இரவில் உள்ளே போன் திரை ஒளிர்ந்தால் போதும், முகம் தெரிந்துவிடும். ஏசியை அணைத்தால் மூச்சுக்காற்றில் கண்ணாடி பனித்து, உள்ளே ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அதனால் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். அதுதான் உயிருக்கே ஆபத்து. மூடிய பார்க்கிங்கிலோ, புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டும். தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் தூக்கம் ஆழமாகிவிடும். நின்றால் இன்ஜினை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை.

2022 டிசம்பரில் நிறைவேறி 2026 ஜனவரி 2 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டம், திருமணத்துக்கு வெளியே உறவுகொண்டால் ஓராண்டு வரை சிறை என்கிறது. மணமாகாதவர்மீது பெற்றோரோ பிள்ளைகளோதான் புகார் தர முடியும். அந்தப் பிரிவில், கதவைத் தட்டும் ஊராருக்கு இடமே இல்லை. கார் சாவியைத் தரும் அப்பாவுக்கு உண்டு. ஆச்சே மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். தம்பதியோ நெருங்கிய உறவோ அல்லாத ஆணும் பெண்ணும் மறைவாகத் தனித்திருந்தாலே ‘கல்வத்’ என்கிற குற்றம். 10 கசையடி வரை விழும்.

காராவது கிடைப்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. பைக் மட்டும் உள்ளவர்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பிடிபடுகிறார்கள்.