டயர் வெடித்தது விதியா? 2008 கொலம்பியா விமான விபத்தின் உண்மை

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள கொலம்பியா விமான நிலையத்தில், 2008 செப்டம்பர் 19 அன்று நள்ளிரவை ஒட்டி லியர்ஜெட் 60 ரகச் சிறு விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. விமானிகள் இருவர் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். டிரம்மர் டிராவிஸ் பார்க்கரும் டிஜே ஏஎம் என்ற இசைக் கலைஞரும் கடும் தீக்காயங்களோடு தப்பினார்கள். "ஓடுபாதையில் டயர் வெடித்துவிட்டது, விமானி உடனே நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை, எல்லாம் விதி" என்று இன்றும் பகிர்கிறார்கள். இது தவறு.

டயர்கள் தாமாக வெடிக்கவில்லை, காற்று குறைந்துபோனதால்தான் வெடித்தன. இந்த ரக டயரில் தினமும் சுமார் இரண்டு சதவீதம் காற்று இறங்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களாக யாரும் அழுத்தத்தை அளக்கவில்லை. கண்ணால் பார்த்தால் இது தெரியாது, மானி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, நிறுத்த முயன்றது சரிதானே? அதுவும் இல்லை. ஓடுபாதையில் நிறுத்துவதற்கான கடைசி எல்லையான வி1 என்ற வேகத்தைத் தாண்டிவிட்டால் மேலே எழும்புவதே பாதுகாப்பு. இங்கே அந்த வேகம் கடந்த பிறகுதான் நிறுத்த முடிவெடுத்தார்கள். அதைவிடக் கொடுமை, சிதறிய டயர்த் துண்டுகள் விமானம் தரையில் இருக்கிறதா என்று உணர்த்தும் சக்கரப் பகுதியின் சென்சார் இணைப்பைச் சேதப்படுத்தின. விமானம் ஆகாயத்தில் இருப்பதாகக் கட்டுப்பாட்டு அமைப்பு எடுத்துக்கொண்டது. வேகத்தைக் குறைக்க விமானி பின்னோக்கு உந்துவிசை கேட்டார், இன்ஜின்களோ முன்னோக்கித் தள்ளின. விமானம் நெடுஞ்சாலையைக் கடந்து மண்மேட்டில் மோதியது.

பராமரிப்புக் குறை, தாமதமான முடிவு, வடிவமைப்புக் குறை மூன்றையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை பெயர் சொல்லியே குறிப்பிட்டது.